காற்றாலை எங்கே நிற்க வேண்டும்? மன்னார் களப்புக் கரை எழுப்பும் கேள்வி

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் அடங்கிய ஆற்றல் எட்டு மடங்காகிறது. ஆற்றல் வேகத்தின் மூன்றாம் படிக்கு நேர்விகிதத்தில் கூடும் என்னும் இந்த இயற்பியல் விதியே காற்றாலைகள் எங்கே நிறுவப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மரமும் கட்டடமும் தடுக்காத வெளியில் காற்று வேகம் குன்றாமல் வீசும் என்பதால், மலைமுகடுகளோடு கடற்கரைகளும் களப்புகளும் பெரிய ஏரிக்கரைகளும் காற்றாலைத் திட்டங்களை ஈர்க்கின்றன. ஆனால் வலசைப் பறவைகள் இறங்குவதும், மீனவர் பிழைப்பு நடப்பதும், மழைநீர் வடிவதும் அதே கரைகளில்தான். இந்த மோதல் மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் இலங்கையின் மன்னார் தீவு.

தீவும் திட்டமும்

இலங்கையின் வடமேற்கே, ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் பரப்பில் தாழ்ந்து நீண்ட மணல் நிலமாகக் கிடக்கும் இத்தீவைத் தாம்போதி ஒன்று பெருநிலத்தோடு இணைக்கிறது. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசுவதால், தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்னும் காற்றாலைப் பண்ணை, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் 2020 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் திறன்கொண்ட 30 காற்றாலைகள் சேர்ந்து அதன் மொத்தத் திறன் 103.5 மெகாவாட். அடுத்து, மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் திறனுக்கு அதானி குழுமம் முன்வைத்த திட்டம் 2023இல் ஒப்புதல் பெற்றது. அதை எதிர்த்துச் சூழலியல் அமைப்புகள் 2024இல் இலங்கையின் உச்ச நீதிமன்றத்தை நாடின. மின்கட்டணத்தை மறுபரிசீலனை செய்யப் புதிய அரசு முனைந்த நிலையில், 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆயினும் வேறு சிறிய திட்டங்களுக்கான காற்றாலைப் பாகங்கள் தீவுக்கு வந்தபோது, 2025 ஆகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினர்; குடியரசுத் தலைவர் அனுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைக்க உத்தரவிட்டார்.

பறவைகளின் வழி

சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள், இந்தியாவைக் கடந்து இலங்கைக்குள் நுழையும் முதன்மை வாயில் மன்னார். தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில் உள்ள வங்காலைச் சரணாலயம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2010இல் சேர்க்கப்பட்டது. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் குளிர்காலத்தை அங்கே கழிக்கின்றன.

நவீனக் காற்றாலையின் சுழலி மெதுவாகச் சுற்றுவதுபோல் தோன்றினாலும், 126 மீட்டர் விட்டமுள்ள சுழலியில் இறகலகின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நகர்கிறது. அந்த வேகத்தில் இறகலகு பார்வைக்கு மங்கிவிடுவதாலும், பறக்கும்போது பல பறவைகளின் கவனம் முன்னோக்கி இராமல் கீழே நிலத்தில் இருப்பதாலும் மோதல்கள் நிகழ்கின்றன. மோதல் மட்டுமே தீங்கன்று. காற்றாலை வரிசையைத் தவிர்க்கப் பறவைகள் சுற்றுவழியில் பறப்பதும், இரை தேடும் இடத்தையே கைவிடுவதும் இடப்பெயர்வு விளைவு எனப்படுகின்றன. மின்னைக் கொண்டுசெல்லும் உயரழுத்தக் கம்பிகளும் பெரிய பறவைகளைப் பலி கொள்கின்றன.

காற்றாலைகளின் விளைவு பறவைகளோடு நிற்பதில்லை என்பதை, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மரியா தாக்கர் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டச் சால்கேவாடி பீடபூமியில், காற்றாலைகள் உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன; அவற்றுக்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான்களோ பெருகியிருந்ததோடு, அவற்றின் உடலியலும் நடத்தையும்கூட மாறியிருந்தன. உணவுச் சங்கிலியின் உச்சியில் நேரும் குறைவு கீழ்ப்படிகள் வரை இறங்குகிறது என்பதே இதன் பொருள்.

நீரும் வலையும்

மன்னார் மக்களின் முதன்மையான முறையீடு வெள்ளம் பற்றியது. தட்டையான தீவில் மழைநீர் மணலில் ஊறியும் சிறு தாழ்வுகள் வழியே வழிந்துமே கடலைச் சேர்கிறது. பல நூறு டன் எடையைத் தாங்கும் கான்கிரீட் அடித்தளங்களும், கனரக வாகனங்களுக்காக உயர்த்தப்படும் சாலைகளும் அந்த வடிகாலை மறிக்கக்கூடும். கனிய மணல் அகழ்வும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். நிலத்தடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கும் நன்னீரை நம்பிய தீவில் இக்கவலை அறிவியல் அடிப்படை உடையது.

காற்றாலை ஓசை மீன்களை விரட்டுகிறது என்னும் மீனவரின் குறை வேறு வகையானது. காற்றில் எழும் ஓசையின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும்; ஆனால் அடித்தளம் வழியே பரவும் அதிர்வை ஆழமற்ற கரைநீரில் அளந்து பார்க்காமல் இக்குறையைத் தள்ளிவிட முடியாது. திட்டம் வருமுன் கிடைத்த மீன்வரத்தும் நீரடி ஓசையும் பதிவுசெய்யப்பட்டிருந்தால்தான் ஒப்பீடு சாத்தியமாகும். மாறாக, காற்றாலைகள் மழையைத் தடுக்கின்றன என்று தென்னிந்தியாவின் சில பகுதிகளில் நிலவும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பருவமழை மேகங்கள் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழுபவை, காற்றாலையோ சில நூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. மக்களின் அச்சங்களை மொத்தமாக ஏற்பதும் மொத்தமாக ஒதுக்குவதும் ஒரே அளவு தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, முடிவை அவர்கள் மொழியிலேயே அவர்கள் முன் வைப்பதுதான் அறிவியல் முறை.

செய்யக் கூடியவை

நார்வேயின் ஸ்மோலா தீவில் காற்றாலைகளின் மூன்று இறகலகுகளில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசியபோது பறவை இறப்பு 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததை 2020இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது; சோதனையில் இருந்தவை நான்கு காற்றாலைகளே என்பதால் பிற இடங்களிலும் அது சரிபார்க்கப்பட வேண்டும். பறவைக் கூட்டம் நெருங்குவதை ரேடாரில் கண்டு சுழலியை நிறுத்தும் முறையும் நடைமுறையில் உள்ளது. எனினும் இவையெல்லாம் இடத்தைத் தவறாகத் தேர்ந்த பின் செய்யும் திருத்தங்களே. சரியான இடத்தேர்வுக்கு இவை ஈடாகா.

இந்தக் கேள்வி கர்நாடகத்துக்கும் உரியது. காற்று மின்சாரத்தில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்றான இங்கு, காற்றாலைகள் மிகுந்த கதக் மாவட்டத்தில்தான், ஆயிரக்கணக்கான வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வந்திறங்கும் மாகடி ஏரி இருக்கிறது. அதுவும் 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் காற்றாலைத் திட்டங்கள் சேர்க்கப்படவே இல்லை. நிலக்கரியைக் கைவிடக் காற்று மின்சாரம் கட்டாயம் வேண்டும். அதனாலேயே, நீர்நிலைகளையும் வலசைப் பாதைகளையும் ஒட்டிய திட்டங்களுக்காவது முன்கூட்டிய மதிப்பீட்டையும் மக்கள் கருத்துக் கேட்பையும் ஒன்றிய அரசு கட்டாயமாக்க வேண்டும்.