ஓடவைக்க ஆயிரம் உபாயம், நிறுத்த ஒரே விதி

யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருகின்ற வெளியூர்ப் பிரயாணிகள், நல்லூர்க் கோயில் வீதியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வேளையில், மதிலோரத்து வேப்பநிழலில் நிற்கும் ஒரு மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையோ கண்டு, அதனருகே நின்று படம் பிடித்துக்கொண்டு, இத்தனை வயதான வாகனம் இன்னும் ஓடுகின்றதே என்று வியந்து செல்வது வழக்கம். அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும், அப்படிப்பட்ட வாகனத்தோடு சீவியத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள் அதை விலை பேசும்போது முதலில் கேட்கின்ற கேள்வி வேறு: பிறேக்கை அமத்தினால் நேராக நிற்கின்றதா?

1948 ஆம் ஆண்டில், அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் வடிவமைப்பில் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தி செய்யப்பட்ட மொறிஸ் மைனர், எங்கள் குடாநாட்டு ஆசிரியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் உகந்த வாகனமாக இங்கு வந்து சேர்ந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு, 1990க்குப் பின் போரும் பொருளாதாரத் தடையும், பின்னர் 2020 மார்ச்சில் தொடங்கி ஐந்து ஆண்டுகள்வரை நீண்ட வாகன இறக்குமதி நிறுத்தம் என்று, ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணம் தோன்றி, கையில் இருப்பதைப் பேணுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை என்ற பாடத்தை எங்களுக்குக் கற்பித்தது.

அந்தப் பாடத்தின் மிகக் கடினமான அத்தியாயம் 1990களில் எழுதப்பட்டது. பெற்றோல் என்பது போத்தலில் அளந்து பொத்திவைக்கும் திரவியமாகிவிட்ட அந்நாட்களில், எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடில்லாமல் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்ற பௌதிக உண்மையை, பள்ளிக்கூடம் போகாத சாரதியும் அனுபவத்தால் அறிந்திருந்தார். வெண்புகை கக்கிக்கொண்டு அந்த வாகனங்கள் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நடக்கமாட்டாத முதியவர்களைச் சுமந்தன.

அக்காலத்தில் எங்கள் ஊரில் கராச் வைத்திருந்த ஒரு பெரியவரிடம், பள்ளிக்கூடம் விட்ட நேரங்களில் சாவி எடுத்துக் கொடுக்கும் சிறுவனாக நான் நின்றதுண்டு. எதற்கும் ஒரு மாற்று உபாயம் கண்டுபிடிப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் ஒரு நாள், பிறேக் ஓயில் கிடைக்கவில்லை, வேறு ஏதாவது எண்ணெயை விட்டுத் தாருங்கள் என்று ஒருவர் மன்றாடியபோது, அவர் சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இஞ்சினை ஏமாத்தலாம், பிறேக்கை ஏமாத்தேலாது." அந்தக் கார் ஓயில் கிடைக்கும்வரை பல வாரங்கள் கராச் வாசலிலேயே நின்றது. ஓடவைப்பதற்கு ஆயிரம் உபாயம் கண்ட அந்த மனிதர், நிறுத்துகின்ற விஷயத்தில் ஒரு விதியை மட்டுமே அங்கீகரித்தார். அந்த விதியின் நியாயத்தை, என் வீட்டு முற்றத்தில் என் சொந்த மொறிஸ் மைனரின் முன் பிறேக்குகளைக் கழற்றிப் புதுப்பித்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

பிறேக்கின் தத்துவம் எளிமையானது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பஸ்கால் என்ற பிரெஞ்சு அறிஞர் நிரூபித்தார். காலால் மிதிக்கும் விசை, மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தமாகி, மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் சென்று, அங்குள்ள வீல் சிலிண்டர்களின் பிஸ்ரன்களைத் தள்ள, அவை பிறை வடிவான பிறேக் சூக்களைச் சுழலும் ட்ரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. சில்லு நிற்கின்றது.

நான்கு சில்லுகளும் சமமாக உழைப்பதில்லை. பருத்தித்துறைக்குப் போகின்ற 750 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு பிரயாணம் செய்தவர்கள், சாரதி சடுதியாகப் பிறேக் போட்டதும் எல்லோரும் முன்னோக்கிச் சரிவதை அனுபவித்திருப்பார்கள். வாகனத்தின் பாரமும் அவ்வாறே முன் சில்லுகளின்மேல் சாய்கின்றது. ஆகவே நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன் பிறேக்கைச் சேர்ந்தது. இதை அறிந்தே மொறிஸ் மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்களை வைத்து, இரண்டு சூக்களும் ட்ரம் சுழலும் திசையிலேயே தள்ளப்படுமாறு அமைத்தார்கள். கதவுக்கடியில் செருகிய மரஆப்பு, கதவு அசைய அசையத் தானே மேலும் இறுகுவதுபோல, சுழலும் ட்ரம்மே சூவை உள்ளிழுத்து இறுக்கிக்கொள்ளும். பின்னோக்கி ஓடும்போது இந்த அனுகூலம் கிடைப்பதில்லை என்பதையும் சாரதி நினைவில் வைத்திருக்க வேண்டும்.

என் காரில் வியாதியின் அறிகுறி, பிறேக் போடும்போதெல்லாம் ஒரு பக்கமாக இழுப்பதாகத் தொடங்கியது. பின்னர் பெடல் வழக்கத்தைவிடத் தாழ இறங்கியது. ஒரு காலை, வலது முன் ரயரின் உட்புறத்தில் ஈரக்கசிவைக் கண்டேன். அந்தச் சிலிண்டர் கசிந்து, சூவின் லைனிங்கில் எண்ணெய் ஊறி, அந்தப் பக்கம் பிடிப்பை இழந்திருந்தது. ஒரு பக்கம் பழுதானால் இரு பக்கத்தையும் புதுப்பிக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் இழுப்பு தீராது. லண்டனிலிருக்கும் பெறாமகன் புதிய றபர்களும் சூக்களும் அனுப்பிவைத்தான்.

வேலையின் முதல் விதி நிலத்தைப் பற்றியது. எங்கள் செம்மண் முற்றத்தில் ஜக் மெல்லப் புதைந்துவிடும். சீமெந்துத் தரை வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் வாகனத்துக்குள் கை விடலாகாது. இரும்புத் தாங்கி வைக்க வேண்டும். கையில் அகப்படுகின்றதே என்று சீமெந்துக் கல்லை அண்டைகொடுப்பது பேரபாயம், ஏனெனில் அது யாதொரு முன்னறிவிப்புமின்றிப் பிளந்துவிடும். ஒரு பக்கத்தைக் கழற்றி முடித்துப் பூட்டும்வரை மறுபக்கத்தைத் தொடாதிருப்பது நல்லது. எந்த ஸ்பிறிங் எந்தத் துளையில் இருந்தது என்ற ஐயம் எழும்போது, கழற்றாத பக்கமே உங்களுக்குக் குரு.

ட்ரம்மைக் கழற்றியதும் உள்ளே கருந்தூள் படிந்திருக்கும். வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் நார் கலந்திருந்தது. அது நுரையீரலுக்குள் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக் கூடியது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும்.

இனி வருவது, எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் தவறுகின்ற இடம். அழுக்கான இரும்பைக் கண்டதும் மண்ணெண்ணெய்ப் போத்தலை நோக்கிக் கை தானாகவே நீளும். சைக்கிள் சங்கிலியிலிருந்து தண்ணீர்ப் பம்ப் வரை சகலத்தையும் அதிலேயே கழுவிப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் சிறிய றபர்க் கிண்ணம், மண்ணெண்ணெய், பெற்றோல், இஞ்சின் ஓயில் ஆகியவற்றில் எது பட்டாலும் உப்பிப் பருத்து, மென்மையாகி, உருவழிந்துபோகும். உப்பிய றபர் பிஸ்ரனைப் பிடித்துக்கொண்டால் பிறேக் விடுபடாமல் சில்லு கொதிக்கும். உருவழிந்த றபரின் விளிம்பு அழுத்தத்தைத் தாங்காவிட்டால் பெடல் தரைவரை போகும். ஐயமிருப்பவர்கள் பழைய றபர் ஒன்றை ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பார்க்கலாம், நான் பார்த்தேன். விடியற்காலையில் அது தன் சிலிண்டருக்குள் நுழைய மறுத்தது. அந்தப் பெரியவர் அன்று ஏன் சாவியைக் கீழே வைத்தார் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. கழுவுவதற்குச் சுத்தமான ஸ்பிரிற் அல்லது புதிய பிறேக் ஓயில் மட்டுமே தகும்.

எங்கள் குடாநாட்டின் இன்னொரு சத்துரு உப்புக்காற்று. மூன்று பக்கமும் கடலும் நடுவே நீரேரிகளும் சூழ்ந்த இந்த மண்ணில் இரும்பு வெளியிலிருந்து துருவேறுவதை எல்லோரும் காண்கின்றோம். உள்ளிருந்து துருவேறுவதை ஒருவரும் காண்பதில்லை. சாதாரண பிறேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. டொட் 3 என்ற வகை, புதிதாயிருக்கையில் 205 பாகை சென்ரிகிரேட்டுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டுமென்று நியமம். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்குகின்றது. நுவரெலியா மலையிலிருந்து இறங்கும் வாகனத்துக்கு இது உயிராபத்து, ஏனெனில் ஓயில் கொதித்து ஆவியானால் பெடலுக்கு வலு இராது. மேடு பள்ளமற்ற யாழ்ப்பாணத்தில் அந்த அபாயம் குறைவு. ஆனால் அதே ஈரம் மாரிகாலத்துக்கு மாரிகாலம் கூடி, சிலிண்டரின் உட்சுவரில் அம்மைத் தழும்புபோல் துருக்குழிகளை உண்டாக்குகின்றது. என் சிலிண்டர்களுள் ஒன்றில் அத்தகைய குழிகளைக் கண்டேன். மெல்லிய அரத்தாளால் துடைக்க மறையும் கறையாயிருந்தால் பாதகமில்லை. நகம் தடுக்குகின்ற குழியாயிருந்தால் புதிய றபரும் பயன்படாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். ட்ரம்மில் ஆழ்ந்த கோடுகள் விழுந்திருந்தால் கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் செய்யத் தக்கதையும் தகாததையும் பிரித்தறிவதும் இந்தக் கலையின் ஓர் அங்கமே.

பூட்டும்போது, றபரின் குழிந்த பக்கம் ஓயிலை நோக்கியிருக்க வேண்டும். பிறேக் ஓயிலில் நனைத்தே உட்செலுத்த வேண்டும். ட்ரம்மை மாட்டியபின், அதிலுள்ள துளையின் வழியே, முன் சில்லு ஒன்றுக்கு இரண்டாக அமைந்த இறுக்கும் திருகுகளைச் சில்லு பூட்டிக்கொள்ளும்வரை திருப்பி, பிறகு ஒரு பல் தளர்த்திவிட வேண்டும். எஞ்சுவது எயர் எடுத்தல். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும்; குழாயில் ஒரு குமிழி நின்றாலும் காலின் விசை அதை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்கி, அண்மையில் முடிக்க வேண்டும். என் மகள் பெடலில் காலை வைத்து அமர்ந்தாள், நான் சில்லருகே படுத்திருந்து, "அமத்து பிள்ளை... பிடிச்சிரு... இப்ப விடு" என்று சொல்லச் சொல்ல, ஓயில் வடியும் போத்தலுக்குள் குமிழிகள் வந்து, குறைந்து, நின்றன. காலின் கீழே, தரைப்பலகைக்கடியில் ஒளிந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஓயில் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பாயிற்று. வற்றினால் முழு வேலையும் மறுபடி முதலிலிருந்து.

வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுப் பாதைகளுக்காக ஜீப்பை உயர்த்தி, பெரிய ரயர் பூட்டுகின்ற இளைஞர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல விரும்புகின்றேன். ரயரின் ஆரை பத்திலொரு பங்கு கூடினால், அதை நிறுத்தும் முறுக்குவிசையும் அவ்வளவு கூட வேண்டும். பிறேக்கோ பழைய அளவிலேயே இருக்கின்றது. வண்டியின் உடல் உயர்ந்தபின், சில்லு பள்ளத்தில் முழுதாகத் தொங்கும் நிலையில், வளையும் பிறேக் குழாய் இழுபட்டு விறைக்கின்றதா என்று படுத்துப் பாருங்கள். அலங்காரத்துக்கு முன் இதைச் செய்யுங்கள்.

மொறிஸ் மைனர்போன்ற பழைய கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே ஓயில் ஓட்டம். ஓரிடத்தில் உடைந்தால் நான்கும் போய், கம்பியால் இழுபடும் கைப்பிறேக் மட்டுமே மிஞ்சும். ஆதலால் முதற் பரீட்சையை நடைவேகத்தில், ஆளில்லா ஒழுங்கையில் செய்ய வேண்டும். அதற்கும் முன்பு, அனுபவமுள்ள ஒருவர் உங்கள் வேலையைப் பார்வையிட வேண்டும்.

போர்க்காலத்தில் எங்கள் வீதிகள் வெறுமையாயிருந்தன. குண்டும் குழியுமான பாதையில் மண்ணெண்ணெய்க் கார் ஊர்ந்தே சென்றது. அன்று எப்படிப் போய்ச்சேருவது என்பதே கவலையாயிருந்தது. இன்று வீதிகள் வழுவழுப்பாகிவிட்டன, வேகம் பெருகிவிட்டது, கால் நூற்றாண்டு வராதிருந்த ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது. பரீட்சை முடிந்த மறுநாள் மாலை, மகளை அருகிலிருத்திக்கொண்டு புறப்பட்டேன். கடவையில் மணி ஒலித்தது. காலை மெல்ல அமத்தினேன். கார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்காமல், வெள்ளைக் கோட்டுக்கு முன்னே நேராக நின்றது. ரயில் போகும்வரை நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.