பழைய கார் புதிதானால் அசல் ஆகுமா?

பழைய கார் கண்காட்சிகளில் கண்ணாடிபோல் மின்னும் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். விஷயம் தெரிந்தவர்கள் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. பானெட்டைத் தூக்கச் சொல்வார்கள். டிக்கியின் தரைவிரிப்பை விலக்கி அடியில் பார்ப்பார்கள். கதவின் உள்விளிம்பில் விரலை ஓட்டுவார்கள். பளபளப்பு யாருக்கும் கிடைக்கும், கையில் காசு இருந்தால் போதும். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது வண்டி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

சென்னையிலேயே பிறந்த ஒரு காரை வைத்து இதைப் பார்ப்போம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இங்கே தயாரித்த வண்டி. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே மூன்றைச் சொல்லி, அதில் ஒன்றுக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அதன் மூலவடிவமான டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. பிற்பாடு வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது. பிரிட்டனில் அப்படி ஒன்று விற்கவே இல்லை.

இந்த வண்டியின் உடலமைப்புக்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. மொத்த பாடியையும் ஒரே கூடாகப் பற்றவைத்துத் தர ஆள் இல்லை. எனவே தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முறுக்கிய பாடி என்று பழைய முறைக்கே திரும்பினார்கள். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் கவிழ்ந்து திறப்பது இதனால் வந்த வசதிதான். அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்தது, இன்றைக்கு மீட்டெடுப்பவருக்கு லாபம். ஹெரால்டு அளவுக்குக் கழற்றி மாட்ட வசதியான கார் குறைவு.

ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரும்பாலோர் தப்பு செய்வது இங்கேதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். நம் ஊரில் டீசல் மலிவு என்பதற்காக எத்தனையோ பழைய பெட்ரோல் கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்தது நிறம். வெயில் படாத இடத்தில்தான் அசல் நிறம் ஒளிந்திருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே, கதவு ரெக்சினுக்குப் பின்னால், ஸ்டெப்னிக்கு அடியில் பார்க்க வேண்டும். பிறகு கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நட்டு போல்ட்டைத் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வைக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு வருடம் கழித்து வயரிங்கைத் திரும்பப் பொருத்தும்போது மெக்கானிக் தேடுவது இந்தப் படங்களைத்தான்.

அடுத்த எதிரி துரு. சென்னை போன்ற கடலோர ஊரில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கைபோல நீளும் சட்டங்களும் டிக்கியின் தரையும் முதலில் போகும். முன்பு வேலை பார்த்த டிங்கர் ஓட்டையை அடைத்து, பட்டி தடவி, பெயின்ட் அடித்து மறைத்திருப்பார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி பாடியின் மேல் நகர்த்தினால் போதும். தகடு உள்ள இடத்தில் பிடித்து இழுக்கும், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் நழுவி விழும். ஒழுங்கான பட்டறை அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள தகட்டை வளைத்துப் பற்றவைக்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சேஸிஸுக்கும் பாடிக்கும் இடையில் தொழிற்சாலை வைத்த ஷிம் தகடுகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளாமல் பாடியைத் தூக்கிவிட்டால், பிறகு கதவு ஒழுங்காகச் சாத்தாது.

ஹெரால்டுக்கே உரிய ஆபத்து ஒன்று முன்சக்கரத்தில் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் நெட்டுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் எனப்படும் வெண்கலத் துண்டுக்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில்தான் சுழலும். இதற்குக் கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொன்னது. கையில் கிரீஸ் கன் இருக்கிறதே என்று பல பட்டறைகள் கிரீஸை அடைத்துவிடும். கிரீஸ் மரை முழுக்கப் பரவாது. தண்ணீர் புகும், தண்டு அரிக்கும், ஒருநாள் முறியும். முறிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். பெயின்டுக்குச் செலவழிப்பதில் சிறு பங்கை இந்தத் தண்டைக் கழற்றிப் பார்க்கச் செலவழிக்கலாம். கண்காட்சியில் யாரும் இதைப் பார்க்கப் போவதில்லை, ஓட்டுபவரின் உயிர் இதில் இருக்கிறது.

எஞ்சின் விஷயத்தில் நம் லேத் பட்டறைகளைப் பற்றிக் கவலையில்லை. 948 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதும், கிராங்கை கிரைண்டிங் செய்வதும் அவர்களுக்குப் பழகிய வேலை. சிக்கல் பெட்ரோலில் இருக்கிறது. அந்தக் காலத்து வால்வு சீட்டுகள் ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்யப்பட்டவை. எரியும்போது படியும் ஈயம் மெத்தைபோல் இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000-ல் நாடு முழுவதும் அந்தப் பெட்ரோல் நின்றது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாயையும் டயாபிரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து டேங்க்கில் துருவையும் ஏற்றும். ஆகவே கடினமான வால்வு சீட்டு, எத்தனால் தாங்கும் குழாய் இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இதை அசலிலிருந்து விலகல் என்று யாரும் குறை சொல்வதில்லை. வெளியே தெரியாது, வண்டியின் குணத்தையும் மாற்றாது.

அப்படியானால் எது விலகல்? 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே இந்தக் கேள்வி போனது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த, ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று அழைக்கப்பட்ட பென்ட்லி காரை ஒரு நிறுவனம் 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு, முதலில் இருந்த பாகங்கள் இதில் அனேகமாக எதுவுமே இல்லை, இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கியது. பாகங்கள் பந்தயக் காலத்திலிருந்தே ஒவ்வொன்றாக மாறி வந்ததை நீதிபதி ஓட்டன் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் வரலாறு அறுபடாமல் தொடர்ந்து வந்ததால் இது அதே கார்தான் என்று தீர்ப்பளித்தார். அதாவது, இரும்பை விடவும் அதன் வரலாற்றுக்குக் கனம் அதிகம்.

உலகப் பழைய வாகனச் சங்கமான ஃபிவா 2013-ல் வெளியிட்ட டுரின் சாசனமும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகிறது. முதலில் பாதுகாக்கப் பார், முடியாதபோது மட்டும் மீட்டெடு, செய்த மாற்றத்தை எழுதி வை என்பது அதன் சாரம். நம் ஊர் வழக்கம் நேர் எதிர். முதல் வேலையே மொத்தத்தையும் சுரண்டிவிட்டு, தொழிற்சாலை ஒருநாளும் அடிக்காத மெட்டாலிக் நிறம் அடிப்பதுதான். கதவு இடைவெளியை அச்சில் வார்த்ததுபோல் சீராக்குகிறார்கள். பெயின்ட் அடிக்காமல் வெறும் இரும்பாக இருந்த பாகத்துக்கெல்லாம் குரோம் பூசுகிறார்கள். சென்னையிலிருந்து வெளிவந்த ஹெரால்டு எதுவும் அத்தனை ஒழுங்காக இருந்ததில்லை. ஐம்பது வருடம் ஒருவர் உட்கார்ந்து பழகிய சீட்டு கிழியாமல் இருந்தால், அதைக் குஷன் கடைக்கு அனுப்புவது மீட்பு ஆகாது. என்னைக் கேட்டால் அது அழிப்பு.

அரசும் அசலின் பக்கம்தான் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 50 ஆண்டைக் கடந்த, வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓடாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் வரும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம், தினசரி அலுவலகம் போக முடியாது. கடைசியாக வந்த ஹெரால்டுகூட இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. டீசல் எஞ்சின் ஏற்றிய வண்டியை வைத்திருப்பவர் இந்தப் பதிவுக்குப் போனால் சிக்கல்தான்.

செலவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். முழுதாக மீட்டெடுத்த ஹெரால்டை விற்றால் போட்ட பணம் திரும்ப வருவது அரிது. லாபம் பார்க்க நினைப்பவர் இதில் இறங்க வேண்டாம்.

தாத்தாவின் வண்டி வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்றால் காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் பீரோவைத் துழாவி ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள். உடைந்த விளக்கு, வளைந்த பீடிங், எழுத்து அழிந்த மீட்டர் எதையும் எடைக்குப் போடாதீர்கள். உடைந்ததைப் பார்த்துப் புதிது செய்ய முடியும். இல்லாததைப் பார்த்துச் செய்ய முடியாது.