தமிழ்த் திரையில் நடிகையரின் வயதும் வாய்ப்பும்

தமிழ்த் திரைப்படங்களில் கதாநாயகியாக அறிமுகமாகும் ஒருவர், பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்ததும் அண்ணி, அக்காள், அம்மா ஆகிய வேடங்களுக்கு மாற்றப்படுகிறார். அவரோடு இணைந்து நடித்த கதாநாயகரோ ஐம்பது, அறுபது வயதிலும் கதாநாயகராகவே தொடர்கிறார். இவ்வேறுபாட்டின் காரணங்களையும், வயது கூடிய நடிகையர்க்கு உள்ள வாய்ப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மனைவியாக நடித்தவரே தாயாக

பண்டரிபாய், 'பராசக்தி' (1952) படத்தில் சிவாஜி கணேசனுக்கு இணையாக நடித்தவர். 'குடியிருந்த கோயில்' (1968) படத்தில் அவர் எம்.ஜி.ஆரின் தாயாக நடித்தார். உண்மையில் அவர் எம்.ஜி.ஆரைவிடப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் இளையவர்.

ஸ்ரீவித்யா பிறந்தது 1953-இல். ரஜினிகாந்த் பிறந்தது 1950-இல். ரஜினிகாந்தின் முதல் படமான 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் அவர் ஸ்ரீவித்யாவின் கணவராக வந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 'தளபதி' (1991) படத்தில் அதே ஸ்ரீவித்யா அவருக்குத் தாயானார். 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ஸ்ரீவித்யாவைக் காதலிக்கும் இளைஞராக நடித்த கமல்ஹாசனுக்கும், 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் அவர் தாயாக நடித்தார்.

சுஜாதாவின் நிலையும் இதுவே. 'அவர்கள்' (1977) படத்தில் ரஜினிகாந்தின் மனைவி. 'பாபா' (2002) படத்தில் அவருடைய தாய். அதாவது திரையில் ஆணின் வயது நின்றுவிடுகிறது. பெண்ணின் வயது மட்டும் இரட்டிப்பு வேகத்தில் ஓடுகிறது.

காரணங்கள்

முதற்காரணம் வணிகம். பெரிய படங்கள் கதாநாயகரின் பெயரைக் கொண்டே விநியோகஸ்தர்களுக்கு விற்கப்படுகின்றன. ஆகவே அவருக்கு ஏற்பவே கதையும் அமைகிறது. அவருடைய இளமைத் தோற்றத்தைக் காக்க இளம் நாயகியரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இரண்டாவது காரணம் கதையமைப்பு. பல கதைகளில் பெண்ணுக்குக் காதலி, தாய் என இரண்டு இடங்களே உள்ளன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வாழும் பெண்ணின் வேலை, மணவாழ்க்கை, நட்பு ஆகியவை கதைக்குப் பொருளாவது குறைவு.

மூன்றாவதாக, திருமணத்திற்குப் பின் நடிகையர் திரையிலிருந்து விலகுவது வழக்கமாகவே இருந்து வந்துள்ளது. மீண்டும் வருபவர்க்குப் பழைய இடம் எளிதில் கிடைப்பதில்லை.

இம்மாற்றம் வருமானத்தையும் பாதிக்கிறது. நாயகிக்கு ஒரு படம் முழுமைக்கும் சேர்த்து ஊதியம் பேசப்படும். குணச்சித்திர வேடங்களுக்கு பெரும்பாலும் நாள் கணக்கில் ஊதியம். தாய் வேடத்திற்குச் சில காட்சிகளே இருந்தால் வேலை நாள்களும் குறையும். எனவே ஒரே காலத்தில் பல படங்களில் நடித்தால்தான் வாழ்க்கை நடத்த முடியும்.

வயது தடையாகாத இடங்கள்

கதையே மூத்த பெண்ணைப் பற்றியதாக இருந்தால் நிலைமை மாறுகிறது. நாற்பது வயதைக் கடந்த கே.பி. சுந்தராம்பாளை முதன்மைப் பாத்திரமாகக் கொண்டே 'ஔவையார்' (1953) வெளிவந்தது.

நகைச்சுவையிலும் வயது பெரிய தடையன்று. மனோரமா ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றார். பேச்சு வழக்கும் உடல்மொழியும் அவருடைய முதலீடுகள். அவை ஆண்டுகள் கூடக்கூட மெருகேறின.

'நாயகன்' (1987) படத்தில் நாயகியாக அறிமுகமான சரண்யா, 'தென்மேற்குப் பருவக்காற்று' (2010) படத்தில் தாயாக நடித்துச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். துணை நடிகைக்கான விருதன்று, முதன்மை விருது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. எனினும் அதில் மகனாக நடித்த விஜய் சேதுபதியைவிட அவர் எட்டு வயதே மூத்தவர்.

திருமணத்திற்குப் பின் நடிப்பை விட்டு விலகியிருந்த ஜோதிகா '36 வயதினிலே' (2015) படத்தின் மூலம் திரும்பினார். வயது வரம்பைக் காட்டி வேலை மறுக்கப்படும் ஒரு பெண்ணின் கதை அது. 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' (2014) என்னும் மலையாளப் படத்தின் மறுஆக்கமான இதை, மூலப்படத்தின் இயக்குநரே தமிழிலும் இயக்கினார். மலையாளத்தில் அது மஞ்சு வாரியருக்கும் மறுவருகைப் படமாகும்.

பிற வழிகள்

தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்போரில் பெண்கள் மிகுதி. எனவே நடுத்தர வயதுப் பெண் அங்கு கதையின் மையமாகலாம். 1999-இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சித்தி' தொடரில் ராதிகா முதன்மை வேடம் ஏற்றார். தயாரித்ததும் அவருடைய நிறுவனமே. வாய்ப்புக்காகக் காத்திராமல் தாமே வாய்ப்பை உண்டாக்கியதற்கு இது எடுத்துக்காட்டு.

பின்னணிக் குரல் கொடுப்பதும் ஒரு வழி. குரலில் வயது எளிதில் தெரியாது. 'பம்பாய்' (1995) படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குக் குரல் தந்தவர் நடிகை ரோகிணி.

இயக்கமும் மற்றொரு வழி. சுகாசினி 'இந்திரா' (1995) படத்தை இயக்கினார். லட்சுமி ராமகிருஷ்ணன் இயக்கிய 'ஹவுஸ் ஓனர்' (2019), சென்னைப் பெருவெள்ளத்தில் சிக்கிய முதிய தம்பதியரின் கதை. அதில் ஸ்ரீரஞ்சனி முதன்மைப் பாத்திரம் ஏற்றார். எழுதும் இடத்திலும் இயக்கும் இடத்திலும் பெண்கள் கூடும்போது மூத்த நடிகையர்க்கான வேடங்களும் கூடும் என்பதற்கு இது சான்று.

நடிகையரிடம் திறமை குறைவதில்லை. அவர்களுக்கென எழுதப்படும் பாத்திரங்களே குறைவு. அத்தகைய படங்கள் வெளிவரும்போது மக்கள் திரையரங்கிற்குச் சென்று பார்த்தால்தான் தயாரிப்பாளர்கள் அடுத்த படத்திற்குத் துணிவர்.