மிடி கால்வாய்க் கரையில் நடைப்பயணம்

தென் பிரான்சில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ உப்பங்கழி வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளும் செயற்கை நீர்வழி மிடி கால்வாய் (கனால் டு மிடி) ஆகும். 'மிடி' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நண்பகல் என்று பொருள். நண்பகலில் சூரியன் நிற்கும் திசை என்பதால் தெற்குக்கும் அதுவே பெயர். 1666இல் அரசாணை பெற்று 1681இல் திறக்கப்பட்ட இக்கால்வாய், 1996இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களில் சேர்க்கப்பட்டது. சரக்குப் படகுகள் ஓய்ந்துவிட்டன. இன்று ஓடுபவை உல்லாசப் படகுகளே. ஒரு காலத்தில் குதிரைகள் படகுகளை இழுத்துச் சென்ற கரைப்பாதையில் இப்போது நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் போகிறார்கள்.

இப்பாதையில் மலையேற்றம் கிடையாது. திராட்சைத் தோட்டங்கள், கோதுமை வயல்கள், கல் பாலங்கள், தேவாலயக் கோபுரம் தெரியும் சிற்றூர்கள் எனக் காட்சி மெதுவாகவே மாறும். நீர் எங்கிருந்து வருகிறது, கால்வாய் ஏன் இப்படி வளைகிறது என்று தெரியாமல் நடந்தால் இரண்டாம் நாளே அலுப்புத் தட்டக்கூடும். தெரிந்தவருக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு காரணம் கண்ணில் படும்.

மேட்டுக்கு நீர் கொண்டுவந்த கதை

அட்லாண்டிக் பக்கம் ஓடும் கரோன் ஆற்றையும் மத்தியதரைக் கடலையும் இணைக்க வேண்டும் என்பது பல மன்னர்களின் கனவு. தோண்டுவது பெரிய தடை அல்ல. இரண்டு பக்கத்துக்கும் நடுவே 189 மீட்டர் உயரத்தில் நோரூஸ் என்னும் நீர்பிரி மேடு இருக்கிறது. படகு அதை ஏறி இறங்க வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் உச்சியிலிருந்து இரு புறமும் நீரைத் திறந்துவிட வேண்டும். அந்த உச்சிக்கு நீர் எங்கிருந்து வரும்?

விடை கண்டவர் பியேர் போல் ரிக்கே. பெசியே நகரில் பிறந்தவர். லாங்குதொக் பகுதியில் உப்பு வரி வசூலித்தவர். பொறியியல் படித்தவர் அல்லர். வடகிழக்கே உள்ள கருமலையில் (மோந்தாஞ் நுவார்) பெய்யும் மழையை வாய்க்கால்களால் திரட்டி, சான் ஃபெரியோல் என்ற இடத்தில் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து நோரூஸ் மேட்டுக்குக் கொண்டுவரலாம் என்று அவர் 1662இல் அமைச்சர் கோல்பேருக்கு எழுதினார். பதினான்காம் லூயியின் அரசு ஏற்றுக்கொண்டது. வேலை உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 12,000 பேர் உழைத்தனர். பெண்களும் அவர்களில் இருந்தனர். மழையால் வேலை நின்ற நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் ரிக்கே கூலி கொடுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் இது அரிது. தம் சொத்தையும் இதில் இட்ட அவர், 1680 அக்டோபரில், கால்வாய் திறக்கச் சில மாதங்களே இருந்தபோது இறந்தார். கடன் அடைந்து குடும்பம் வருமானம் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்தக் கதையைக் காலால் படிக்க விரும்புவோர் பெருங்கால்வாயை விட்டுவிட்டு, ரெவேல் ஊர்ப் பக்கத்திலிருந்து நோரூஸ் வரை வரும் சமவெளி வாய்க்காலின் கரையில் நடக்கலாம். தொலைவு 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு நாள் போதும். சில இடங்களில் தாண்டிவிடலாம் போலிருக்கும் சிறு ஓடைதான். ஆனால் பெருங்கால்வாய்க்கு உயிர் கொடுப்பது அதுவே. முடிவில் நோரூசில், வந்த நீர் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி அட்லாண்டிக்குக்கும் மறு பாதி மத்தியதரைக் கடலுக்கும் போவதை நின்று பார்க்கலாம். ரிக்கே இங்கே எண்கோணக் குளம் ஒன்று வெட்டினார். அது விரைவில் வண்டல் தட்டித் தூர்ந்துபோனது. இன்று அவ்விடம் மரச்சாலையும் புல்வெளியும். பக்கத்தில் அவருடைய வழித்தோன்றல்கள் எழுப்பிய நினைவுத் தூண் நிற்கிறது. திட்டம் போட்டவரின் பிழையும் பெருமையும் ஒரே இடத்தில் காணக் கிடைக்கின்றன.

நீர்ப்பூட்டுகள்

மேட்டின் இரு பக்கமும் படகை ஏற்றி இறக்குபவை நீர்ப்பூட்டுகள்: முன்னும் பின்னும் கதவுள்ள கல் தொட்டிகள். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி நீரை நிரப்பினால் அது உயரும், வடித்தால் தாழும். மிடி கால்வாயின் பழைய தொட்டிகள் முட்டை வடிவில் இருப்பது அழகுக்காக அன்று. தொடக்கத்தில் நேர்ச்சுவராகக் கட்டியவற்றில் மண்ணின் அழுத்தம் தாங்காமல் சுவர் சரிந்தது. பிறகு பக்கச் சுவரை வளைவாக்கினர். பாலத்தின் வளைவைப் படுக்க வைத்ததுபோல அது மண்ணைத் தாங்கியது.

லெ சொமாயிலிருந்து பெசியே வரை

முழுக் கால்வாயையும் நடக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும். இரண்டு நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்குக் கிழக்குப் பகுதியில் லெ சொமாய் தொடங்கி பெசியே நகரின் ஃபோன்செரான் வரையுள்ள சுமார் 40 கிலோமீட்டரே சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கோட்டை நகரான கார்க்கசோனுக்குக் கூட்டம் போகும், போகட்டும். கால்வாய்ச் செலவில் பங்கு தர அந்நகரம் மறுத்ததால், கால்வாய் முதலில் அதைத் தொடாமலேயே சென்றது. 1810இல்தான் நகருக்குள் திருப்பப்பட்டது.

லெ சொமாய் பயணிகள் படகு இரவில் தங்கிய ஊர். துலூசிலிருந்து ஆக்த் வரை குதிரை இழுத்த படகில் போக நான்கு நாள் ஆனது. அக்காலத்துச் சத்திரமும் சிற்றாலயமும் கூன் முதுகுக் கல் பாலமும் இன்னும் கரையில் இருக்கின்றன.

இங்கிருந்து காப்பெஸ்தாங் 22 கிலோமீட்டர். நேராகப் போனால் தொலைவு மிகவும் குறைவு. ஆனால் இந்தப் பகுதியில் 50 கிலோமீட்டருக்கு மேல் ஒரு நீர்ப்பூட்டுகூடக் கிடையாது. கால்வாய் ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டு குன்றுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. அரை மணி முன்பு இடப்பக்கம் பார்த்த அதே கோபுரம் வலப்பக்கம் வந்து நிற்கும். வழி தவறிவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

இரண்டாம் நாள் 18 கிலோமீட்டர். என்செரூன் குன்று குறுக்கே வருகிறது. இங்கே மட்டும் சுற்றிப் போகாமல் 1679இல் மால்பாஸ் சுரங்கம் குடையப்பட்டது. நீளம் 170 மீட்டர் அளவே. ஆயினும் படகு செல்லத் தோண்டிய கால்வாய்ச் சுரங்கங்களில் உலகில் முதலாவதாகக் கருதப்படுகிறது. அதே குன்றுக்குள் இன்னும் தாழ்வாக ரயில் சுரங்கமும், அதற்கும் முந்தைய இடைக்கால வடிகால் சுரங்கமும் உள்ளன. மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கின்றன. குன்றின் மேல் கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டிலேயே மக்கள் வாழ்ந்த என்செரூன் குடியிருப்பின் எச்சங்கள் இருக்கின்றன. அங்கிருந்து கீழே பார்த்தால் மோந்தாதி ஏரி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நீர் வடிக்கப்பட்டு வயலானது. வாய்க்கால்கள் எல்லாம் நடுவை நோக்கி ஓடுவதால் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல் வயல்கள் விரிந்திருக்கும். கால்வாயை விட்டு அரை மணி மேலே ஏறுவது வீண் போகாது.

முடிவில் ஃபோன்செரான்: எட்டு முட்டைத் தொட்டிகள் படிக்கட்டுபோல அடுத்தடுத்து, 21 மீட்டருக்கு மேல் இறங்குகின்றன. எதிரே ஓர்ப் ஆற்றுக்கு அப்பால் பெசியே பேராலயம் தெரியும்.

நிழல் இழந்த கரை

பழைய படங்களில் இருபுறமும் பிளேன் மரங்கள் கூரை போட்ட கால்வாயைப் பார்த்துவிட்டு வருபவர்கள் சில இடங்களில் ஏமாந்துபோவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நட்டு வளர்ந்த சுமார் 42,000 பிளேன் மரங்கள் கரையில் இருந்தன. அவற்றின் வேர்கள் கரை மண்ணைப் பிடித்து வைத்தன. 2006இல் கார்க்கசோனுக்குக் கிழக்கே வில்துபேர் அருகே ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது அது. பட்டையில் காயம் பட்ட இடத்தில் நுழைந்து, சில ஆண்டுகளில் மரத்தைக் கொல்லும். பின்னிப் பிணைந்த வேர் வழியாகவும் நீர் வழியாகவும் அடுத்த மரத்துக்குப் போகும். மருந்து இல்லை. நோயுற்ற மரத்தையும் அண்டை மரங்களையும் வெட்டி எரிப்பது ஒன்றே வழி. பல ஆயிரம் மரங்கள் இப்படிப் போயின. படகுக் கயிற்றை மரத்தில் கட்டத் தடை உள்ளது; நடப்பவர்களும் பட்டையில் கத்தி வைக்காமல், ஆணி அடிக்காமல் இருக்க வேண்டும். இடையிடையே துருக்கி ஓக் முதலிய வேறு மரங்களை நட்டு வருகிறார்கள். கன்றுகள் நிழல் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் பாதி வரையும் செப்டம்பர், அக்டோபரிலும் வெயில் தாங்கும். துலூசிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குத் தார்ப்பாதை. அதற்குக் கிழக்கே பல இடங்களில் மண்ணும் வேரும் கலந்த தடம், மழைக்குப் பின் வழுக்கும். காஸ்தெல்நோதரி, கார்க்கசோன், பெசியே ஆகியவற்றில் ரயில் நிலையங்கள் உண்டு. லெ சொமாயில் இல்லை, நார்போனில் இறங்கி வாடகைக் காரில் வர வேண்டும். வடமேற்கிலிருந்து வீசும் 'செர்' காற்று இங்கே பலமானது. மேற்கிலிருந்து கிழக்காக நடந்தால் அது முதுகில் படும்.