ஆபு மலையிலிருந்து நிறுத்தறிந்த கிரகம்

டில்லிக்கும் அகமதாபாதுக்கும் இடையே இரயிலில் போய் வரும் நேயர்களுக்கு ஆபு ரோடு நிலையம் பழக்கமானதே. ரப்டி வாங்க இறங்கி ஓடும் அந்தச் சில நிமிஷங்களில் மலைப்பக்கம் நிமிர்ந்து பார்ப்போர் சிலரே. அம்மலை மீது, ஆரவல்லித் தொடரில் மிக உயர்ந்ததான குருசிகரத்தில், அகமதாபாதின் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சொந்தமான வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகம் ஒன்றை அபிஜித் சக்கரவர்த்தி தலைமையிலான குழுவினர் அங்கிருந்து நிறுத்தறிந்த செய்தி 2018 ஜூனில் வெளியாயிற்று. நெப்டியூனைவிடப் பெரியது, சனியைவிடச் சிறியது அக்கிரகம். நெப்டியூனோ குளிரில் உறைந்து கிடப்பது; இது உலைபோல் தகிப்பது.

கடக ராசியில், வெறுங்கண்ணுக்குப் புலனாகாத கே2-236 என்னும் நட்சத்திரம் அதன் சூரியன். தூரம் ஏறத்தாழ 600 ஒளியாண்டு. அங்கிருந்து நம்மை இன்று வந்தடையும் ஒளி, விஜயநகரத்தில் முதலாம் தேவராயர் ஆண்ட காலத்தை ஒட்டிப் புறப்பட்டதாகும்.

முதற்குறிப்பைத் தந்தது அமெரிக்கரின் கெப்ளர் விண்தொலைநோக்கி. 2009இல் ஏவப்பட்ட அது, தன்னை நிலைநிறுத்தும் சக்கரங்களுள் இரண்டை 2013க்குள் இழந்துவிட்டது. சூரிய ஒளியின் அழுத்தத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு அதை மேலும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்த பொறியாளரின் சாமர்த்தியம் தனியே சொல்லத் தக்கது. வானத்தின் ஒவ்வொரு பகுதியையும் அது சுமார் 80 நாள் நோக்கிற்று. அப்போது இந்த நட்சத்திரத்தின் ஒளி பத்தொன்பதரை நாளுக்கொரு முறை, ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாக, மங்கி மீண்டது. ஏதோ ஒன்று அதன் முகத்தைக் கடக்கிறது என்பது இதற்குப் பொருள்.

ஆனால் இதை வைத்துக் கிரகம் என்று அறுதியிட முடியாது. பின்னணியில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரமும் இவ்வாறே ஏமாற்றக்கூடும். மேலும், மங்கல் பருமனைச் சொல்லுமேயன்றி எடையைச் சொல்லாது. எடை தெரியாத வரையில், அது பாறையா, வாயுவா என்பதும் தெரியாது.

எடையை அறியும் வழி இது. கிரகம் சுற்றும்போது நட்சத்திரமும் சற்றே அசைகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளியின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகர்கின்றன. 1909இல் கொடைக்கானலில் எவர்ஷெட் என்பார் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு பாய்வதைக் கண்டறிந்ததும் இதே விதியால்தான். ஆனால் அங்கே வேகம் விநாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் இருந்தது. இங்கோ விநாடிக்கு 5 அல்லது 6 மீட்டர். சைக்கிளை விரைந்து மிதிப்பவன் வேகம்! கோடுகள் நகரும் அளவு 10 கோடியில் 2 பங்கு.

குருசிகரத்திலுள்ள கருவியின் பெயர் பாரஸ். இரும்பைப் பொன்னாக்கும் கல்லுக்கு இந்தியில் அப்பெயர். உண்மையில் அது ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயரேயாயினும், மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்போருக்கு இவ்வகைப் பொருத்தம் அரிதாகவே வாய்க்கிறது. 1.2 மீட்டர் தொலைநோக்கி திரட்டும் ஒளி, கண்ணாடி இழை வழியே இக்கருவியை அடைகிறது. அறையின் வெப்பம் சிறிது மாறினாலும் கருவி விரிந்து சுருங்கும். அந்த விரிவே நட்சத்திரத்தின் அசைவைப் போலத் தோன்றிவிடும். ஆகையால் காற்றகற்றிய கலத்தில், பாகையின் நூற்றிலொரு பங்குகூடப் பிறழாத வெப்பநிலையில் அதை வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் மலை மேகத்துள் மறைந்துவிடும், வேலையும் நின்றுவிடும். இவ்வாறு சுமார் 420 நாள் காலத்தில் சேர்ந்த அளவுகளிலிருந்து விடை பிறந்தது.

கிரகத்தின் எடை பூமியைப்போல் 27 மடங்கு. ஆரம் 6 மடங்கு. ஆறை மும்முறை பெருக்கினால் 216. அத்தனை பூமிகள் கொள்ளும் இடத்தில் 27 பூமிகளின் பொருளே உள்ளது. அடர்த்தி பூமியினதில் எட்டிலொன்று, தண்ணீரைவிடக் குறைவு. இருப்பினும் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பனிப்பொருள், சிலிகேட், இரும்பு போன்ற கனமானவையே என்று மதிப்பிடுகின்றனர். எஞ்சிய இலேசான வாயுதான் உடலை ஊதிக் காட்டுகிறது.

பூமி சூரியனுக்கு இருப்பதைவிட ஏழு மடங்கு நெருக்கத்தில் அது சுற்றுகிறது. வெப்பம் சுமார் 600 பாகை செல்ஸியஸ் எனக் கணக்கிட்டுள்ளனர். இவ்வளவு அண்மையில் இத்தகைய உடல் உருவாகியிருக்குமா? குளிர்ந்த தொலைவில் பிறந்து, பின் உள்நோக்கி இடம்பெயர்ந்து வந்தவை என்பது இவ்வகைக் கிரகங்களைப் பற்றிய ஒரு கொள்கை. இருந்த இடத்திலேயே திரண்டவை என்பாரும் உளர். அவர்கள் வழக்கு இன்னும் தீரவில்லை.

2022இல் அதே மலையில் 2.5 மீட்டர் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டது. அதனுடன் இணைந்த பாரஸ்-2 கருவி, 2024இல் டிஓஐ-6651 என்னும் நட்சத்திரத்தருகே மற்றொரு கிரகத்தை நிறுத்துக் காட்டியது. ஆரம் பூமியைப்போல் 5 மடங்கு, எடையோ 60 மடங்கு. உருவத்தில் முன்னதைவிடச் சிறியது. எடையில் இரண்டு மடங்குக்கு மேல். ஐந்து நாளில் தன் சூரியனைச் சுற்றிவிடும் அது, இவ்வளவு பாறையையும் இரும்பையும் எங்கே திரட்டியது என்பதை ஆராய்ந்து வருகின்றனர்.