குளிர்கால ஏரியில் கயாக் மீன்பிடிப்பு: கவிழ்ந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் டெக்சாஸ் - ஓக்லஹோமா எல்லையில் உள்ளது டெக்சோமா ஏரி. ரெட் நதியில் டெனிசன் அணை கட்டப்பட்டதால் 1944-ல் உருவானது. குளிர்காலத்திலும் இங்கே தூண்டிலோடு கயாக்கில் இறங்குகிறார்கள். குறி, 'ஸ்ட்ரைப்டு பாஸ்' மீன்.

கடல் மீன் ஏரியில் எப்படி?

கடலில் வாழ்ந்தாலும், முட்டையிட ஆற்றுக்கு வரும் மீன் இது. 1960-களில் ஏரியில் விடப்பட்டது. ஓடும் நீரில் மிதந்தபடிதான் முட்டை பொரிய வேண்டும். அந்த ஓட்டம் இங்கு வந்து சேரும் ஆறுகளில் கிடைத்ததால், தானாகவே பெருகிவிட்டது.

மீன் இருக்கும் இடம் எப்படித் தெரியும்?

பறவைகளே காட்டிக்கொடுத்துடும். பாஸ் மீன்கள் 'ஷாட்' எனும் சிறு மீன்களைக் கீழிருந்து விரட்ட, மேலே கடற்காகங்கள் பாய்ந்து கொத்தும். மோட்டார் சத்தம் இல்லாத கயாக், மிரட்டாமல் நெருங்கிவிடும்.

ஆபத்து எது?

கவிழ்ந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அடுத்த சுமார் 10 நிமிடங்களில் கை, கால் சொன்னபடி கேட்காது. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் இதே நிலைதான். அதனால்தான் லைஃப் ஜாக்கெட்டும், தண்ணீர் புகாத 'டிரை சூட்'டும் அவசியம். வெயில் அடிக்குதேன்னு ஏமாறாமல், தண்ணீரின் குளிரைப் பார்த்துத்தான் உடை போடணும்.