குளத்தின் அடி தெரிகிறதா?

ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் கொண்டோமினியம் நீச்சல் குளத்தில் ஏழு வயது மகனோடு இறங்கியிருந்தேன். விளையாட்டில் அவனுடைய நீச்சல் கண்ணாடி கழன்று அடியில் போய்விட்டது. ஆழம் ஒன்றரை மீட்டர்தான். நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு கை தூரம். குனிந்து பார்த்தேன், தெரியவில்லை. மூழ்கித் தடவினேன், கையில் வழவழவென்று அழுக்குதான் அகப்பட்டது. கடைசியில் காலில்தான் இடறியது.

"கிடைச்சிருச்சு அப்பா!" என்று அவன் குதித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் ஒரு பிள்ளை மூழ்கிக் கிடந்திருந்தாலும் கரையில் இருந்த யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. அந்த எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

அடுத்து வந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். பேசியவன் தலையிலேயே பொறுப்பைக் கட்டுவதுதானே நம் வழக்கம்! நிர்வாகக் குழுவில் என்னைச் சேர்த்து, "தானாகவே குளத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கிறதாமே, நீங்களே பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றார்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கு நீச்சல் குளத்தைப் பற்றி என்ன தெரியும்? மூன்று மாதம் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்யவிருந்த தவறு

முதல் வாரமே ஒரு தவறைச் செய்யவிருந்தேன். இணையத்தில் பாதி விலைச் சலுகையில் அழகான ரோபோட் ஒன்று. படத்தில் நீலத் தண்ணீர், சிரிக்கும் குடும்பம். வாங்கும் பொத்தானை அழுத்தும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

எங்கள் குளத்தின் நீளம் 25 மீட்டர், அகலம் 12 மீட்டர். ஆழம் 0.9 மீட்டரில் தொடங்கி 1.5 மீட்டர் வரை போகிறது. சராசரி 1.2 மீட்டர் என்று வைத்தால் 360 கன மீட்டர், அதாவது 360,000 லிட்டர் தண்ணீர். நான் பார்த்த ரோபோட்டோ, 10 மீட்டர் நீள வீட்டுக் குளத்துக்கானது. அதன் கம்பி 15 மீட்டர். எங்கள் குளத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கே ஏறக்குறைய 28 மீட்டர். நாய்க்குட்டியைச் சங்கிலியில் கட்டியதுபோல் அது பாதிக் குளத்தையே சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் குளத்தை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், ஆழம், படிகள், சரிவு, மின்சார பிளக் எங்கே இருக்கிறது என்பது வரை ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

மூன்று வகை

தானியங்கித் துப்புரவுக் கருவிகள் பொதுவாக மூன்று வகை.

முதலாவது, உறிஞ்சும் வகை. குளத்தின் பம்ப் தண்ணீரை இழுக்கும் விசையிலேயே இது நகரும். 1974-இல் தென்னாப்பிரிக்காவில் ஃபெர்டினாண்ட் ஷோவியே என்பவர் உருவாக்கிய 'கிரீப்பி கிராலி' இந்த வகையின் முன்னோடி. விலை குறைவு. ஆனால் உறிஞ்சிய அழுக்கெல்லாம் பம்புக்கும் மணல் வடிகட்டிக்கும்தான் போய்ச் சேரும். வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை அடிக்கடி எதிர்ப்புறமாகக் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வீணாகும். பெரிய குளத்துக்கு நீண்ட குழாயும் வேண்டும். எங்கள் குளம் விளிம்பில் வழிந்து கால்வாய்க்குள் விழும் வகை. அதில் இந்தக் கருவியைப் பொருத்துவதற்குச் சுவரில் தனித் துவாரம் வேண்டும். அது எங்களிடம் இல்லை.

இரண்டாவது, அழுத்த வகை. பம்ப் திருப்பி அனுப்பும் தண்ணீரின் அழுத்தத்தில் ஓடும். அழுக்கைச் சேர்க்கத் தனிப் பை உண்டு. இலை தழைகளை நன்றாக வாரும். நுண்ணிய தூசு பையைத் தாண்டி வெளியேறிவிடும். சில கருவிகளுக்குக் கூடுதல் பம்பும் தனிக் குழாய் வழியும் தேவை. புதிதாகக் கட்டும் குளமென்றால் சரி. பழைய குளத்தில் டைலை உடைக்க வேண்டிவரும்.

மூன்றாவது, மின்சார ரோபோட். கரையில் இருக்கும் பெட்டி, மின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டுக்கு மாற்றிக் கம்பி வழியாக அனுப்பும். சக்கரம், தூரிகை, வடிகட்டி எல்லாம் ரோபோட்டுக்குள்ளேயே. குளத்தின் பம்பை நம்பி இருக்காது. விலைதான் அதிகம்: வீட்டுக் குளத்துக்கானது சில ஆயிரம் ரிங்கிட் என்றால், பெரிய குளத்துக்கானது அதைப்போல் பல மடங்கு. கம்பியில்லாத பேட்டரி ரோபோட்டும் உண்டு. ஆனால் எங்கள் குளத்தை முழுதாக முடிக்கும் முன்னரே பேட்டரி தீர்ந்துவிடும் என்று விற்பனையாளரே ஒப்புக்கொண்டார்.

எங்களைப்போன்ற பெரிய, பழைய குளத்துக்கு மூன்றாவதே பொருத்தம் என்று முடிவானது. குழுவுக்கான அறிக்கையைக்கூட எழுதிவிட்டேன்.

அண்ணன் கேட்ட கேள்வி

அறிக்கையைக் கொடுப்பதற்கு முதல் நாள் காலை, குளத்தைச் சுத்தம் செய்யும் அண்ணனைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர். எட்டு ஆண்டுகளாக எங்கள் குளத்தில் நீண்ட கோலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருப்பவர். மூன்று மாதத்தில் எத்தனையோ விற்பனையாளர்களிடம் பேசியிருந்தேன். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மிஷின் வாங்கப் போறீங்களாமே தம்பி. எனக்கு வேலை இருக்குமா?"

என்னிடம் பதில் இல்லை. "தெரியலண்ணே, பேசிப் பார்க்கிறேன்" என்று இழுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைக் காட்டினார்.

"அடியில கிடக்கிறது வேற, தண்ணியில மிதக்கிறது வேற. மிஷின் அடியத்தான் கூட்டும். இந்தக் கலங்கல யாரு எடுக்கிறது? பம்ப் ஓடுற நேரத்தப் பாதியாக் குறைச்சு ஒரு வருசமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த முந்தைய குழு எடுத்த முடிவு அது. அன்று பம்ப் அறைக்கு என்னை அழைத்துப் போய்க் காட்டினார். எங்கள் பம்ப் மணிக்கு 60 கன மீட்டர் தண்ணீரைத் தள்ளும். 360 கன மீட்டர் ஒருமுறை வடிகட்டியைச் சுற்றி வர 6 மணி நேரம். வடிகட்டிய தண்ணீர் பழைய தண்ணீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் எல்லாத் தண்ணீரும் சுத்தமாகிவிடாது. பல சுற்று வேண்டும். எங்கள் பம்ப் ஒரு நாளைக்கு ஓடியதோ வெறும் 7 மணி நேரம்!

என் மகனின் கண்ணாடி ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கையில் பட்ட அழுக்கு ரோபோட்டின் வேலை. கண்ணை மறைத்த கலங்கல் பம்ப், வடிகட்டி, குளோரின் ஆகியவற்றின் வேலை. அண்ணனைப் பார்க்காமல் அறிக்கையைக் கொடுத்திருந்தால், பல ஆயிரம் ரிங்கிட் செலவழித்து, யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு தரையைப் பளபளப்பாக்கியிருப்போம்.

அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் வரி: பம்ப் நேரத்தைப் பழையபடி கூட்ட வேண்டும். இரண்டாவது: குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் அளவு 7.2 முதல் 7.8 என்று தினமும் சோதித்துப் பலகையில் எழுத வேண்டும். இயந்திரம் மூன்றாவது வரியில்தான் வந்தது.

எங்கள் குளத்திலேயே ஓட்டிக் காட்டுங்கள்

மூன்று விற்பனையாளர்களிடம் ஒரே நிபந்தனை வைத்தோம். விளம்பரக் காணொளி வேண்டாம். எங்கள் குளத்தில் ஓட்டிக் காட்டுங்கள். அங்சானா மரம் பூத்துக் கொட்டி, தண்ணீர் மஞ்சள் பாயாக இருந்த காலத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். அண்ணனையும் பக்கத்தில் நிற்க வைத்தோம்.

முதல் ரோபோட்டின் கம்பி அரை மணி நேரத்தில் முறுக்கிக்கொண்டது. இரண்டாவது, வழவழப்பான மொசைக் சுவரில் ஏற முடியாமல் சறுக்கியது. மூன்றாவதில் ரப்பர் தூரிகைக்குப் பதிலாகப் பஞ்சு போன்ற உருளை இருந்தது. அது டைலைப் பற்றிக்கொண்டு ஏறியது. கட்டுக்கட்டான கோடுகளாக நகர்ந்து, விட்ட இடம் தெரியாமல் முடித்தது.

அன்று நாங்கள் கவனித்தவை உங்களுக்கும் உதவலாம்:

கம்பி: மின்பெட்டி கரையிலிருந்து கையேடு சொல்லும் தூரம் தள்ளி நிற்க வேண்டும், எங்களுக்கு மூன்றரை மீட்டர். குளத்தின் மூலையில் பிளக் இருந்தால் 35 மீட்டர் கம்பி தேவைப்பட்டிருக்கும். நீளப் பக்கத்தின் நடுவில் புதிய பிளக் வைத்ததில் 25 மீட்டரே போதுமானது. கம்பி குறைந்தால் சிக்கலும் குறையும். அந்தப் பிளக்கில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிடி கட்டாயம் வேண்டும்.

வடிகட்டி: இலைக்கு ஒன்று, நுண்தூசுக்கு ஒன்று என்று மாற்ற முடிய வேண்டும். புகைமூட்ட மாதங்களில் படியும் தூசு கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது.

எடை: தண்ணீரோடு தூக்கும்போது கனம் கூடும். தள்ளுவண்டி இருக்கிறதா, தூக்கியதும் தண்ணீர் சட்டென்று வடிகிறதா என்று பாருங்கள். முதுகு வலிக்கப் போவது உங்களுக்கல்ல, தினமும் தூக்குபவருக்கு.

பழுது: உதிரிப் பாகம் உள்ளூரில் கிடைக்குமா? பழுதுக்குப் போனால் மாற்று இயந்திரம் தருவார்களா? எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் விளையாடும் ஆழமற்ற குளத்தில் பல ரோபோட்டுகள் ஓடாது. படிக்கட்டுகளையும் முழுதாகத் தேய்க்காது. அங்கே கைதான் வேண்டும்.

செலவும் வேலையும்

செலவு 24,000 ரிங்கிட். எங்களிடம் 240 வீடுகள். வீட்டுக்கு 100 ரிங்கிட். ஐந்து ஆண்டு உழைத்தால் மாதம் 1 ரிங்கிட் 70 சென்னுக்கும் குறைவு. ஒரு தே தாரிக்கூட அந்த விலைக்குக் கிடைப்பது அரிது. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வகிப்புச் சட்டப்படி, பொதுச் சொத்துக்கான பொருள்களைச் 'சிங்கிங் ஃபண்ட்' நிதியிலிருந்து வாங்க இடமுண்டு. அதனால் மாதக் கட்டணம் ஏறவில்லை.

"இயந்திரம் வந்தபின் ஆள் எதற்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்கத்தான் செய்தார். நான் பம்ப் அறையில் கற்றதைச் சொன்னேன். வாக்கெடுப்பில் அண்ணனின் வேலை நிலைத்தது. இப்போது இரவு பத்து மணிக்குக் குளத்தை மூடி, ஆள் யாரும் தண்ணீரில் இல்லை என்று பார்த்துவிட்டு, பாதுகாவலர் இயந்திரத்தை இறக்குகிறார். காலையில் அண்ணன் அதைத் தூக்கி வடிகட்டியை அலசுகிறார். கோல் தள்ளிய நேரத்தில் படிகளைத் தேய்க்கிறார், தண்ணீரைச் சோதிக்கிறார், பலகையில் எழுதுகிறார்.

அதே பலகையில் அவர் சொல்லி ஒரு விதியும் சேர்த்திருக்கிறோம்: கரையில் நின்று பார்த்தால் ஆழமான பகுதியின் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத நாளில் குளம் திறக்கப்படாது.

போன மாதம் பெருமழைக்குப் பிறகு ஒருநாள் திறக்கவில்லை. புலனத்தில் ஏகப்பட்ட புகார். என் மகனும் நீச்சல் உடையோடு கீழே போய்விட்டுத் திரும்பி வந்தான். "அங்கிள் இன்னிக்கு மூடி தெரியலன்னு சொல்லிட்டாரு அப்பா" என்றான். சரி, நாளைக்குப் போகலாம் என்றேன்.